ஸ்ட்ராபெரி நச்சுத் தவளையை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கோஸ்டா ரிகா, லா செல்வா மழைக்காட்டு ஆய்வு நிலையம். காலை எட்டு மணி, மழை விட்டு அரை மணி நேரம். சிவப்பு உடம்பு, நீலக் கால்கள், எல்லோருக்கும் தெரிந்த அந்த 'ப்ளூ ஜீன்ஸ்' வகைதான். முதுகில் கறுப்பாக ஒரு திட்டு. காயம் என்று நினைத்து பைனாகுலரைச் சரிசெய்தால், திட்டுக்கு வால் இருக்கிறது! தலைப்பிரட்டை. சுமக்கும் அம்மாவே கட்டைவிரல் நகத்தில் அடங்கிவிடும். மரத்தில் நாலு தாவல், ஒரு நிறுத்தம், மறுபடி நாலு தாவல். ஆள் உயரம் போயிருக்கும். பின்னால் வந்த குழு ஒரே நேரத்தில் ஃப்ளாஷ் அடித்தது. தவளை மரத்தின் மறுபக்கம் போய் மறைந்துவிட்டது. மேலே போய்ச் சேர்ந்ததா? அதுதான் இன்னும் மனதை அரிக்கிறது.

*

அது அம்மா இல்லை, அப்பாவாக இருக்கும். இந்தக் குடும்பத்தில் குஞ்சைச் சுமப்பது ஆண்தான். அதே லா செல்வாவில் பச்சையும் கறுப்பும் கலந்த தவளை, முதுகில் தலைப்பிரட்டையோடு ஒரு மரப்பொந்துக்குள் இறங்கியதைப் பார்த்தேன். வழிகாட்டி சொன்னதும் ஆண் என்றுதான்.

*

நீங்க பார்த்தது ஆரட்டஸ் என்ற வேறு இனம். அதில் ஆண்தான் சுமக்கும், வழிகாட்டி சொன்னது சரி. முதல் பதிவில் இருப்பது பூமிலியோ, அதாவது ஸ்ட்ராபெரி நச்சுத் தவளை, இதில் கதை வேறு. பெண் இலைச்சருகில் மூன்று முதல் ஐந்து முட்டை வரை இடும். ஆண் அவற்றை ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளும். ஒரு வாரம், பத்து நாளில் பொரிந்ததும் பொறுப்பு தாய்க்கு மாறிவிடும். ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய், மரத்தில் ஒட்டி வளரும் ப்ரோமீலியாட் செடியின் இலையிடுக்கில் தேங்கிய தண்ணீரில் விடும். ஒரு இடுக்குக்கு ஒன்றுதான், சேர்த்து விட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். பிறகு சில நாளுக்கொரு முறை வந்து கருவுறாத முட்டைகளை இட்டு ஊட்டும். தலைப்பிரட்டைக்கு வேறு தீனி கிடையாது. பேரினப் பெயர் ஊஃபாகா, 'முட்டை தின்னி' என்று பொருள். குட்டித் தவளையாக ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதற்குள் தாய் வராமல் போனால் எல்லாம் முடிந்தது. அதனால்தான் அந்த ஃப்ளாஷ் விஷயம் எனக்கும் உறுத்துகிறது.

ஆணா பெண்ணா என்று தொண்டையைப் பாருங்கள். ஆணுக்குக் குரல்பை இருப்பதால் தொண்டைத் தோல் கருமையாக இருக்கும்.

*

இரண்டு ஆண்கள் நெஞ்சோடு நெஞ்சு நிமிர்ந்து நின்று மல்லுக்கட்டியதைப் பார்த்தேன், சாய்ந்து கிடந்த மரத்தின் மேல். ஒன்று மற்றதைக் கீழே அழுத்திவிட்டு, அங்கேயே உட்கார்ந்து கத்தத் தொடங்கியது. பூச்சிக் கத்தல் மாதிரி இருக்கும், பலர் சில்வண்டு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம். சிவப்பைத் தேடாதீர்கள், காதைத் தீட்டுங்கள். சத்தம் கேட்டதும் நின்றுவிடுங்கள். காலடி அதிர்ந்தால் நிறுத்திவிடும், இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் இருந்தால் மறுபடி தொடங்கும். பலகை வேர் பக்கத்தில் மண்டியிடும் முன் தரையைப் பாருங்கள், புல்லட் எறும்பு மரத்தடியில்தான் புற்று வைக்கும், கடித்தால் ஒரு நாள் முழுக்க வலி. சருகைக் கையால் கிளறவே கூடாது, டெர்சியோபெலோ என்ற நச்சுப்பாம்பு அதே நிறத்தில் சுருண்டு கிடக்கும். ரப்பர் பூட்ஸ் கட்டாயம். ஏசி அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே கொண்டுவந்தால் லென்ஸ் பனித்துவிடும், அரை மணி முன்பே வெளியில் வையுங்கள். ஈரத்தோல் பளபளப்பில் சிவப்பு வெளுத்துப்போகும், லென்ஸில் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் போட்டால் நிறம் திரும்பும். செல்போனில் கத்தலைப் போட்டு வரவழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டது என்று ஆண் அலைந்து களைக்கும்.

*

பனாமாவின் பாஸ்டிமென்டோஸ் தீவில் இதே இனம், உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி. பக்கத்துச் சோலார்ட்டே தீவில் ஆரஞ்சு. கடற்கரைப் பாதையில் சிறுவர்கள் இலையில் வைத்துக் காட்டுகிறார்கள், ஒருவர் உள்ளங்கையில் வாங்கினார். "தொட்டால் சாவு" என்று அலறியது பக்கத்தில் நின்ற கூட்டம். அது தப்பு. அந்தப் பெயர் கொலம்பியாவின் தங்க நிறத் தவளைக்கு உரியது, 1978இல் தான் அதற்கு அறிவியல் பெயரே வைத்தார்கள். அங்குள்ள எம்பெரா பழங்குடி மக்கள் ஊதுகுழல் அம்பில் தடவியது அதன் நஞ்சைத்தான். பூமிலியோவின் நஞ்சு சிற்றுண்ணி, எறும்பு போன்ற இரையிலிருந்து வருவது, கூண்டில் பழ ஈ கொடுத்து வளர்த்தால் நஞ்சே இருக்காது. ஆனாலும் தொடாதீர்கள். கீறலிலோ கண்ணிலோ பட்டால் எரியும். அதைவிட, நம் கையிலுள்ள கொசு மருந்து அதன் தோல் வழியே உள்ளே போய்விடும்.

*

முதல் பதிவருக்கு: முடிவுப் பகுதியை நான் பார்த்திருக்கிறேன், வேறொரு மரத்தில். தாய் ஒரு இலையிடுக்கில் எட்டிப் பார்த்தது, விட்டுவிட்டது. இரண்டாவதையும் விட்டது. மூன்றாவதில் திரும்பி, பின்பக்கமாக நீருக்குள் இறங்கி அப்படியே இருந்தது. வால் இரண்டு முறை துடித்தது. மேலே ஏறி வந்தபோது முதுகு வெறும் சிவப்பு.