"விளங்குதா?" என்று கேட்டால் எல்லாரும் "ஓம் மிஸ்". பிறகு?

வெள்ளவத்தை விஞ்ஞானம்:
வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டு மண்டபத்தில் 10ஆம் தரத்துக்கு விஞ்ஞானம் எடுக்கிறேன். 22 பிள்ளைகள். போன வாரம் வெப்ப விரிவு. தண்டவாளத் துண்டுகளுக்கு இடையில் ஏன் இடைவெளி விடுகிறார்கள் என்று கேட்டேன். முன்வரிசையில் வழக்கமான மூன்று பேர் சொன்னார்கள். விளங்குதா என்றேன், ஓம் என்றார்கள். சிறு பரீட்சை வைத்தால் பாதிப்பேர் அந்தக் கேள்வியை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். மனம் சரியில்லை. எப்படிக் கேட்டால் எல்லாரும் யோசிப்பார்கள்?

கொட்டாஞ்சேனை கணக்கு:
டீச்சர், "விளங்குதா" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். 22 பேர் முன்னால் எந்தப் பிள்ளை இல்லை என்று சொல்லும்?
கேள்வியை முதலில் கேளுங்கள், பொறுங்கள், அப்புறம் பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்ற 21 பேரும் தப்பினோம் என்று இருந்துவிடுவார்கள். அந்தப் பொறுமைதான் கஷ்டம். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்தார்கள். மூன்று விநாடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். 1970களில் எழுதியது. நான் மனதுக்குள் எண்ணுவேன். பிள்ளை பதில் சொல்லி முடித்த பிறகும் எண்ணுங்கள், பலர் அப்போதுதான் "அதோட மிஸ்..." என்று தொடருவார்கள்.

வத்தளை அக்கா:
"ஏன்" என்று கேட்டால் புத்தக வரியைத்தான் தேடுவார்கள். "இடைவெளியே விடாமல் போட்டால் மத்தியானம் 2 மணிக்கு என்ன நடக்கும்? கொப்பியில் கீறுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். கீறியதைப் பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டட்டும், அப்புறம் வகுப்புக்கு. பிழையான படம் வந்தால் உடனே திருத்த வேண்டாம், எப்படி அப்படி நினைத்தாய் என்று கேளுங்கள்.

வெள்ளவத்தை விஞ்ஞானம்:
சனிக்கிழமை செய்தேன். கேள்வியைக் கேட்டு முடிக்கவும் பக்கத்துத் தண்டவாளத்தில் கோச்சி வரவும் சரியாக இருந்தது. அது போகும்வரை யாரும் பேச முடியாது, மூன்று விநாடிக்கு மேலேயே பொறுக்க வேண்டியதாயிற்று. சத்தம் அடங்கியதும், யன்னலோரம் இருக்கிற பிள்ளை, இந்த வருடம் முழுக்க வாய் திறக்காதவள், "வளையும் மிஸ்" என்றாள்.
"எந்தப் பக்கம்?"
கொப்பியைத் திருப்பிக் காட்டினாள். தண்டவாளம் பாம்பு மாதிரி பக்கவாட்டில் நெளிந்திருந்தது. "மேல எழும்ப அதின்ர பாரம் விடாது மிஸ்."
சரி என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவன் மேல்நோக்கி வளைத்துக் கீறியிருந்தான், அவனிடம் கேட்டேன். இருவரும் பத்து நிமிடம் வாதாடினார்கள். முன்வரிசை மூவரும் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள்.
அடுத்தது மின்சுற்று. அதற்கு இப்படிக் கீறச் சொல்லக்கூடிய கேள்வி யாரிடமாவது இருக்கிறதா?

கொட்டாஞ்சேனை கணக்கு:
ஒரு மின்கலம், ஒரு குமிழ், ஒரே ஒரு வயர். எரிய வைத்துக் கீறு என்று சொல்லுங்கள். மின்கலத்தின் ஒரு முனையிலிருந்து மட்டும் குமிழுக்கு வயர் இழுத்து, சுற்றை மூடாமல் விட்ட படம் எத்தனை வருகிறது என்று பாருங்கள்.