பழைய கேஸ் கட்டுகளை ஸ்கேன் பண்ண வேகமான மெஷின் எது? (50,000 தாள்)

பாளை ஜூனியர்:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு சிவில் வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறேன். சீனியருக்கு முப்பது வருஷத்துக்கு மேல் பிராக்டீஸ். மூன்று பீரோ, ஒரு பரண், பாத்ரூமுக்குப் போகிற வழியில் ஒரு பெஞ்ச், எல்லாவற்றிலும் கட்டுகள்தான். போன ஐப்பசி மழையில் பரண் ஒழுகி நாலைந்து கட்டு நனைந்துவிட்டது. அன்றிலிருந்து "எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திரு" என்று ஒரே பிடியாக நிற்கிறார். குமாஸ்தா அண்ணாச்சியும் நானும் குத்துமதிப்பாக எண்ணிப் பார்த்தோம். 250 கட்டு, கட்டுக்குச் சராசரி 200 தாள் என்று வைத்தால் 50,000 தாள் வருகிறது.

இப்போது ஆபீஸில் இருப்பது ஒரு ஆல்-இன்-ஒன் பிரின்டர். மேலே தாள் இழுக்கும் ஏடிஎஃப் இருக்கிறது, ஆனால் ஒரு பக்கம்தான் எடுக்கும், பின்பக்கத்துக்குத் திருப்பி வைக்க வேண்டும். 180 தாள் கட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், ஒன்றரை மணி நேரம் ஆனது. அதில் ஏழெட்டு இடத்தில் இரண்டு தாளைச் சேர்த்து இழுத்திருக்கிறது, அது எனக்குத் தெரிந்ததே மறுநாள்தான்.

பட்ஜெட் 40,000, கெஞ்சினால் 50,000. பெட்டியில் 40 பிபிஎம், 80 ஐபிஎம் என்றெல்லாம் போட்டிருக்கிறார்களே, அது உண்மையா? 60 பிபிஎம் மெஷினுக்குப் பணம் புரட்டலாமா? இ-ஃபைலிங்குக்கும் இதையேதான் பயன்படுத்துவோம், அதனால் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்கிற கணக்கு) வேண்டும்.

செராக்ஸ் கடை தம்பி:

எதுக்கு சார் மெஷின், போனிலேயே எடுக்கலாமே. ஆப் எல்லாம் நன்றாகவே வந்துவிட்டது, ஓரத்தை அதுவே வெட்டிக்கொள்ளும்.

ஆடிட்டர் ஆபீஸ் ஆள்:

தம்பி, சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு அவசரத்துக்கு ஒரு வில்லங்கச் சான்றை எடுத்து அனுப்ப போன் சரிதான். 50,000 தாளைப் போனில் எடுத்தால் முதலில் போவது கழுத்து. அப்புறம் கட்சிக்காரர் பேப்பர் எந்த கிளவுடில் போய் உட்காருகிறது என்று யாருக்குத் தெரியும்? கேம்ஸ்கேனரை ஊரே வைத்திருந்தது, 2020 ஜூனில் மத்திய அரசு தடை செய்த 59 ஆப்களில் அதுவும் ஒன்றானபோது, அதில் பைல் வைத்திருந்தவர்கள் எல்லாம் அன்று ராத்திரி அதை வெளியே எடுக்க அலைந்தார்கள்.

இப்போது பாளை தம்பிக்கு. நான் மதுரையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பத்து வருஷமாக இந்த வேலையைத்தான் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பிபிஎம் என்றால் நிமிஷத்துக்கு இத்தனை தாள், ஐபிஎம் என்றால் இத்தனை பக்கம். ஒரு தாளின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே இழுப்பில் எடுக்கிற மெஷினில் 40 தாள் 80 பக்கமாகிவிடும், அவ்வளவுதான், 80 என்று பார்த்து இரண்டு மடங்கு வேகம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த எண் பொய்யில்லை, ஆனால் புதுத் தாளில், ட்ரே நிறைய வைத்து, சிக்கலே இல்லாமல் ஓடும்போது வருகிற எண். எந்த டிபிஐயில் அளந்தது என்றும் பாருங்கள், சில மெஷின் 300-க்கு மேலே போனதும் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். 50,000 தாளை 40 பிபிஎம்மில் ஓட்டினால் 1,250 நிமிஷம், அதாவது ஏறத்தாழ 21 மணி நேரம். 60 பிபிஎம்மில் 14 மணி நேரம். ஏழு மணி நேரம் மிச்சம். ஆனால் ஒரு கட்டைப் பிரித்து, டேக்கை உருவி, குண்டூசி, ஸ்டேப்லர் பின் எல்லாம் எடுத்து, மடங்கிய காதை நிமிர்த்தி, மறுபடி வரிசை மாறாமல் அடுக்க 25 நிமிஷம் ஆகுமா ஆகாதா? 250 கட்டுக்கு அது 104 மணி நேரம். அந்த ஏழு மணி நேரத்துக்காக இன்னும் முப்பது நாற்பதாயிரம் ஏன் போடுகிறீர்கள்? அந்தப் பணத்தில் பின் எடுக்க இரண்டு மாசத்துக்கு ஒரு பையனை வையுங்கள். எங்கள் ஆபீஸில் முதல் வருஷம் நாங்கள் செய்த தப்பு இதுதான், பெரிய மெஷினை வாங்கிவிட்டு அது சும்மா உட்கார்ந்திருக்க, நாங்கள் நகத்தால் பின்னைப் பிடுங்கிக்கொண்டிருந்தோம்.

ஆகவே 35, 40 பிபிஎம் வகையே போதும். பார்க்க வேண்டியது வேறு. இரட்டைத் தாள் இழுத்தால் கண்டுபிடிக்கிற அல்ட்ராசோனிக் சென்சார் கட்டாயம் இருக்க வேண்டும், உங்கள் 180 தாள் கதை அது இல்லாததால்தான். ரோலர் தனியாகக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். ஸ்கேன்ஸ்னாப் ஐஎக்ஸ்1600-க்கு இரண்டு லட்சம் தாள் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அப்போது ரோலர் மாற்றச் சொல்லி இருக்கிறது. நடைமுறையில் வழுக்க ஆரம்பித்த பிறகுதான் எல்லோரும் மாற்றுகிறோம், இருந்தாலும் பாகம் கிடைக்காவிட்டால் மொத்த மெஷினும் பழைய இரும்புதான்.

பாளை ஜூனியர்:

அண்ணாச்சி, அந்த 104 மணி நேரக் கணக்கைச் சீனியரிடம் காட்டினேன். ஒரு நிமிஷம் பேசவே இல்லை.

இன்னும் சில சந்தேகம். மனுக்களில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டியிருக்கிறது, பாதி பெயர்ந்தும் பெயராமலும். 1960-களின் தாய்ப்பத்திரங்கள் இருக்கின்றன, மடிப்பில் கிழிந்து ஒளி தெரிகிறது. முத்திரைத்தாள் ஏ4-ஐ விட நீளம். இதையெல்லாம் ஏடிஎஃப்பில் விடலாமா? ஸ்கேன்ஸ்னாப் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், கண்ணை மூடிக்கொண்டு அதையே வாங்கிவிடலாமா?

பரண் காலி:

ஸ்கேனிங் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்பவன் நான், சென்னை. தாய்ப்பத்திரத்தை ஏடிஎஃப்பில் விடவே விடாதீர்கள். ஒரிஜினல் போனால் போனதுதான், கட்சிக்காரருக்கு என்ன பதில் சொல்வீர்கள்? அதற்குத் தனியாக ஒரு பிளாட்பெட் வேண்டும், உங்கள் பழைய ஆல்-இன்-ஒன்னின் கண்ணாடியே போதும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒன்றே ஒன்று, ஏ4 கண்ணாடியில் முத்திரைத்தாளின் அடிப்பாகம் வெளியே நிற்கும். கையெழுத்தும் சாட்சியும் அங்கேதான் இருக்கும், அதனால் இரண்டு தடவையாக எடுத்துச் சேர்க்க வேண்டும். சுமாராக இருக்கிற நீளத் தாள்களுக்கு ஏடிஎஃப்பே போதும், பெரும்பாலானவை லீகல் அளவான 14 அங்குலம் வரை இழுக்கும், வாங்கும்போது உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பவற்றுக்கு, அதாவது டைப் அடித்த கார்பன் காப்பி மாதிரி வெங்காயத்தோல் பேப்பருக்கு, கேரியர் ஷீட் என்று கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறை கிடைக்கும், அதற்குள் வைத்து விடுங்கள். ஒவ்வொன்றாகத்தான் போகும், வேகம் கேட்காதீர்கள்.

சென்சாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சின்ன மெஷின்களில் இருப்பது பெரும்பாலும் சிஐஎஸ். தாள் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால்தான் தெளிவாக வரும், கொஞ்சம் மேடு தட்டினாலும் அந்த இடம் மங்கிவிடும். தைத்த பதிவேட்டின் நடுமேடு, நனைந்து காய்ந்து நெளிந்த தாள், இதற்கெல்லாம் சிசிடி சென்சார் உள்ளதுதான் நல்லது. நனைந்த கட்டுகளை இரண்டு நாள் கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்துவிட்டுப் பிறகு எடுங்கள்.

பெயர்ந்த ஸ்டாம்புக்கும் தாளுக்கும் நடுவில் காற்று இருக்கும். அல்ட்ராசோனிக் சென்சார் அதைப் பார்த்துவிட்டு இரண்டு தாள் என்று நின்றுவிடும். அது மெஷினின் தப்பில்லை. ஸ்டாம்ப் ஒட்டிய முதல் தாளை மட்டும் தனியாக வைத்து, அந்தச் சோதனையை அணைத்துவிட்டு ஓட்டுங்கள், பிறகு மறக்காமல் திரும்பப் போடுங்கள். எஃப்ஐ வரிசை மெஷின்களில் ஒட்டு இருக்கிற இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு அடுத்த தடவை விட்டுவிடுகிற வசதி உண்டு, ஆனால் எஃப்ஐ-8170 மாதிரி 70 பிபிஎம் மெஷின் உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும்.

ஸ்கேன்ஸ்னாப் நல்ல மெஷின்தான், குறையில்லை. ஆனால் அதற்கு ட்வைன் டிரைவர் (எந்த மென்பொருளும் ஸ்கேனரோடு பேச உதவுகிற பொது டிரைவர்) கிடையாது, அதனுடைய மென்பொருளில்தான் ஓடும். நாளைக்கு வேறு மென்பொருளில் நேராக ஸ்கேன் பண்ண நினைத்தால் முடியாது. ட்வைன் வேண்டுமென்றால் எப்சன் டிஎஸ்-530 II (35 பிபிஎம், 50 தாள் ட்ரே), கேனன் ஆர்40 (40 பிபிஎம், 60 தாள்) மாதிரி பாருங்கள். இன்னொன்று, கடையில் புஜித்சூ பெயரைத் தேடி இல்லை என்று திரும்பாதீர்கள், 2023-லிருந்து ஸ்கேன்ஸ்னாப், எஃப்ஐ எல்லாம் ரிகோ பெயரில்தான் வருகின்றன.

முக்கியமாக ஒன்று. பைல் அளவைக் குறைக்கிறேன் என்று சுருக்கத்தை ஏற்றாதீர்கள். ஒரு ஏ4 பக்கம் 300 டிபிஐ கலரில் சுருக்காமல் 26 எம்பி வரும், கிரேயில் எட்டே முக்கால், கறுப்பு வெள்ளையில் ஒன்று சொச்சம். அதனால் கை கறுப்பு வெள்ளைக்குத்தான் போகும். 2013-ல் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்ற கணினி அறிஞர் ஒரு கட்டட வரைபடத்தை செராக்ஸ் கம்பெனி மெஷினில் ஸ்கேன் செய்தார். 21.11 சதுர மீட்டர் என்று எழுதியிருந்த அறை ஸ்கேனில் 14.13 ஆகியிருந்தது, பார்க்க மங்கலாகக்கூட இல்லை, பளிச்சென்று தப்பாக! கறுப்பு வெள்ளைப் படத்துக்கான ஜேபிக்2 என்ற சுருக்கும் முறை, ஒன்றுபோல் தெரிகிற சின்னப் படத்துண்டுகளை ஒரே துண்டாக எண்ணி ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்துவிட்டதுதான் காரணம். 6 என்பது 8 ஆனதும் உண்டு. கம்பெனி பிறகு திருத்தம் வெளியிட்டது. நம் ஊரில் சர்வே எண் 166/2 என்பது 188/2 ஆனால் என்ன ஆகும் என்று ஒரு சிவில் வக்கீலுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்திரம், பட்டா, புலப்படம் எல்லாம் கிரேயிலோ கலரிலோ, ஜேபெக் சுருக்கத்தில் வையுங்கள். கொஞ்சம் இடம் அடைக்கும், அடைக்கட்டும்.

கணினித்தமிழ்ச்செல்வி:

மெஷினைப் பற்றியே எல்லோரும் பேசியாயிற்று, மென்பொருளுக்கு நான். நாப்ஸ்2 என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, ட்வைன் ஸ்கேனர் எதோடும் பேசும். அதில் ஓசிஆருக்கு (படத்தில் இருக்கிற எழுத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றுவதற்கு) டெசராக்ட் இருக்கிறது, மொழிப் பட்டியலில் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் அடித்த தமிழ் ஓரளவு நன்றாகவே வரும். பழைய தட்டச்சு, அதுவும் கார்பன் காப்பி என்றால் எதிர்பார்க்காதீர்கள், கையெழுத்துப் பத்திரத்துக்கு வாய்ப்பே இல்லை. ஓசிஆரை ஸ்கேன் ஓடும்போதே போடாதீர்கள், சாதாரண கம்ப்யூட்டர் திணறும். ஸ்கேனரின் வேகம் குறைந்த மாதிரி தெரியும், குற்றம் கம்ப்யூட்டர் மேல். பகலில் ஸ்கேன், ராத்திரி ஓசிஆர்.

கட்டுக்குக் கட்டு தனி பைல் ஆக வேண்டுமென்றால் பேட்ச்-டி (Patch-T) என்று ஒரு கோடு போட்ட தாளை அச்சடித்து நடுவில் வைத்துவிடுங்கள், அந்த இடத்தில் நாப்ஸ்2 தானே பைலைப் பிரித்துவிடும். பைலுக்குப் பெயர் வைக்கும் முறையை முதல் நாளே முடிவு பண்ணிவிடுங்கள் சார். வருஷம், வழக்கு எண், வாதி பெயர். நடுவழியில் மாற்றினால் மறுபடி முதலிலிருந்து.

ஆடிட்டர் ஆபீஸ் ஆள்:

செல்வி அக்கா சொன்ன பெயர் விஷயத்தை நான் மறந்தே போனேன், நன்றி.

இன்னும் ஒன்று. எல்லாப் பக்கத்திலும் ஒரே இடத்தில் மேலிருந்து கீழே ஒரு கோடு வந்தால் பயந்து சர்வீஸ்காரரைக் கூப்பிடாதீர்கள். உள்ளே கண்ணாடியில் ஏதோ ஒரு பொட்டு ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். அநேகமாக ஒயிட்னராக இருக்கும், கோர்ட் பேப்பரில் அதற்கா பஞ்சம். மெஷினைத் திறந்து நூல் பிரியாத துணியால், மெஷினோடு வந்த கையேட்டில் சொன்னபடி துடைத்தால் போய்விடும், ரோலரையும் அப்படியே. கட்டை வைப்பதற்கு முன் சீட்டுக்கட்டு மாதிரி விசிறிவிட்டு வையுங்கள். மழைக்காலம் என்றால் பத்து நிமிஷம் ஃபேனுக்கு அடியில் காட்டுங்கள், ஈரத்தில் தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

கடைக்குப் போகும்போது உங்களிடம் இருப்பதிலேயே மோசமான கட்டை எடுத்துக்கொண்டு போங்கள். அவர்கள் வைத்திருக்கும் புதுத் தாளில் எல்லா மெஷினும் குதிரை மாதிரி ஓடும்.

பாளை ஜூனியர்:

போய்விட்டு வந்தோம் அண்ணாச்சி. ஒரு பாகப்பிரிவினை கேஸ், 112 தாள், ஏறக்குறைய எல்லா வகைப் பேப்பரும் அதில் உண்டு. கடைக்காரர் கட்டைப் பார்த்ததுமே "இதையா சார்?" என்றார். முதலில் வைத்துப் பார்த்த மெஷின் பச்சைத்தாள் இருக்கிற இடத்தில் நாலு தடவை நின்றது. அடுத்து டிஎஸ்-530 II. பரண் காலி சார் சொன்னபடி ஸ்டாம்ப் ஒட்டிய தாளை மட்டும் தனியாக எடுத்துவிட்டுப் போட்டோம், மூன்றே தடவை நிரப்பியதில் ஐந்தாறு நிமிஷத்தில் முடிந்தது. சீனியர் நம்பாமல் கடையிலேயே உட்கார்ந்து ஸ்கிரீனில் 112-ஐயும் எண்ணிப் பார்த்தார். சரியாக இருந்தது. அதையே வாங்கியாயிற்று, பட்ஜெட்டுக்குள்தான்.

கலரா கிரேயா என்று ஆபீஸில் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. கலர் என்றால் எந்தக் கையெழுத்து நீல மையில் போட்டது என்று தெரியும், அதனால் பத்திரம் மட்டும் கலர், மற்றதெல்லாம் கிரே என்று இப்போதைக்கு. ஒரு வாரத்தில் 19 கட்டு முடிந்திருக்கிறது. பின் எடுக்க ஆள் தனியாக வைக்கவில்லை. குமாஸ்தா அண்ணாச்சி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று காலி ஹார்லிக்ஸ் பாட்டிலை மேஜை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாட்டில் இப்போது முக்கால்வாசி.