கேமில் எதிரி என்ன கத்துகிறான்: காதால் பிடிக்கும் வழிகள்

வியாசர்பாடி

ரெசிடென்ட் ஈவில் 4 (2005) கேமின் முதல் கிராமத்திலேயே திரும்பத் திரும்பச் சாகிற தம்பிகளுக்காக இது. ஆளுக்கொரு பகுதி எழுதுகிறோம்; ஒவ்வொன்றுக்கும் மேலே இருப்பது அதை எழுதியவரின் ஏரியா. கதை நடப்பது ஸ்பெயினில். ஆனால் எதிரிகளாக வரும் ஊர்க்காரர்கள் பேசுவது லத்தீன் அமெரிக்க வாடை அடிக்கிற ஸ்பானிஷ். சண்டையில் அவர்கள் போடும் கூச்சலுக்கு சப்டைட்டில் வராது. அதனால் பலர் அதை வெறும் இரைச்சல் என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அது இலவசமாகக் கிடைக்கிற துப்பு.

"உன் ஃபொராஸ்தேரோ!" என்றால் "எவனோ வெளியூர்க்காரன்!" ஒருத்தன் உங்களைப் பார்த்துவிட்டான். "கோஹெலோ!" என்றால் பிடி அவனை. "மாத்தாலோ!" என்றால் போட்டுத் தள்ளு. எல்லாவற்றையும்விட முக்கியமானது "தெத்ராஸ் தே தி, இம்பேசில்!" அதாவது "உன் பின்னாடி பாருடா, முட்டாள்!" சொல்பவனே உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் நிற்பான். கேட்ட நொடியில் ஸ்டிக்கைக் கீழே இழுத்து, ஓடும் பட்டனையும் சேர்த்து அழுத்துங்கள். ஆள் அப்படியே திரும்பிவிடுவார்.

இது எல்லா மொழிக்கும் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. எதிரி பேசுவது அவன் நிலையோடு கட்டி வைத்த பேச்சு. சும்மா நிற்பது, சந்தேகப்படுவது, பார்த்துவிடுவது, தேடுவது, கைவிடுவது, குண்டு வீசுவது என்று ஒவ்வொரு நிலைக்கும் சில வசனங்கள்தான் பதிவு செய்திருப்பார்கள். கேம் அவற்றைக் குலுக்கிப் போட்டு ஒலிக்கவிடும். ஆகவே அகராதி வேண்டாம். ஒரு செக்பாயிண்டில் (செத்தால் கேம் மறுபடி தொடங்கும் இடம்) நின்று யாரையும் சுடாமல் கண்ணில் படுங்கள், ஓடி ஒளியுங்கள், அவர்கள் தேடி அலுத்துத் திரும்பும்வரை காத்திருங்கள். நாலைந்து சுற்று போதும். எந்தச் சத்தத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதினால் இருபது வரிக்குள் முடிந்துவிடும்.

எழுதும்போது ஒரு சிக்கல். தமிழ் எழுத்தில் அழுத்திச் சொல்லும் "த"வுக்கும் மெல்லச் சொல்லும் "த"வுக்கும் ஒரே எழுத்துதான். க, ப கதையும் அதே. மெல்லொலி வரும் இடத்தில் எழுத்துக்கு அடியில் ஒரு கோடு போடுங்கள். "தெத்ராஸ் தே தி" என்பதில் முதல் "தெ"வுக்கும் நடுவில் வரும் "தே"வுக்கும் கோடு உண்டு. கடைசி "தி"க்கு இல்லை. கோடு போடாத தாளை ஒரு வாரம் கழித்து எடுத்தால் எது எது என்று உங்களுக்கே தெரியாது.

தண்டையார்பேட்டை

வியாசர்பாடி அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் முதலில் சத்தம் ஒழுங்காகக் காதுக்கு வரவேண்டும். வீட்டு டிவியில் இரண்டே ஸ்பீக்கர் இருக்கும். கன்சோலோ 5.1 (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்) என்று செட் ஆகியிருக்கும். பேச்சு பெரும்பாலும் நடு சேனலில்தான் போகும். உங்கள் டிவியில் நடு ஸ்பீக்கரே இல்லை. வெடிச் சத்தம் காதைக் கிழிக்கும், பேச்சு மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி கேட்கும். ஆடியோ அவுட்புட்டை ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். பிறகு கேமுக்குள் மியூசிக் 0, எஃபெக்ட்ஸ் 30, வாய்ஸ் 100. சில கேம்களில் எதிரிகளின் கத்தல் வாய்ஸில் சேராமல் எஃபெக்ட்ஸோடு கிடக்கும். 30-ல் வைத்ததும் கத்தல் அடங்கிப்போனால் அதுதான் காரணம், 60-க்கு ஏற்றிவிடுங்கள்.

பெரம்பூர்

ஜப்பானிய மொழிக்குப் பயப்படாதீர்கள். இங்கிலீஷ்காரரைவிட நம் காதுக்கு அது சுலபம். ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன்.

வினைச்சொல் தமிழ் மாதிரியே கடைசியில் வரும். இங்கிலீஷ் சப்டைட்டிலில் "கொல்லு" முதலில் வந்துவிடும், குரலில் அது கடைசியில்தான் விழும். சப்டைட்டிலைப் பார்த்துக்கொண்டே வார்த்தை பொறுக்கினால் எல்லாம் தலைகீழாக ஒட்டும். வாக்கியத்தின் வாலைக் கேளுங்கள். வாலில் "கா" வந்தால் கேள்வி. நாம் "வந்தானா" என்று கடைசியில் "ஆ" போடுகிற மாதிரி. "நே" வந்தால் நம்முடைய "இல்ல?" மாதிரி.

அடுத்தது சுட்டு. நமக்கு இ, உ, அ, எ: இங்கே, உங்கே, அங்கே, எங்கே. இந்த "உங்கே" சென்னையில் வழக்கொழிந்துவிட்டது, யாழ்ப்பாணத்தார் பேச்சில் இன்றும் உண்டு. ஜப்பானியத்தில் கோ, சோ, அ, தோ: கோகோ, சோகோ, அசோகோ, தோகோ. அமைப்பு அப்படியே நம்முடையது. எதிரி "தோகோ தா!" என்றால் "எங்கடா!" உங்களைத் தவறவிட்டுவிட்டான். "தாரே தா!" என்றால் "யாருடா அது!" சந்தேகம் வந்துவிட்டது, அசையாதீர்கள். "கி நோ செய் கா" என்றால் "சும்மா பிரமையா". இனி அவன் தன் இடத்துக்குத் திரும்பிவிடுவான், நகரலாம். "மித்சுகேதா!" என்றால் கண்டுபிடித்தாயிற்று.

இன்னொரு உதவி: அவர்களும் இங்கிலீஷ் வார்த்தைக்கு வால் ஒட்டுவார்கள். நாம் பஸ்ஸு, ஷூட்டு, கோலு என்கிறோம். ஜப்பானிய ஃபுட்பால் கேம் கமென்டரியில் "ஷூட்டோ", "கோரு" என்று கேட்கும். கடைசி உயிரெழுத்தைக் கழற்றிவிட்டுக் கேட்டால் பாதி கமென்டரி புரிந்துவிடும். "ல" அவர்களிடம் கிடையாது, எல்லாம் "ர"தான்.

எச்சரிக்கை ஒன்று. கோஸ்ட் ஆஃப் சுஷிமா (2020) மாதிரி இங்கிலீஷில் எழுதிய கேமை ஜப்பானியக் குரலில் ஆடும்போது, சப்டைட்டில் இங்கிலீஷ் வசனத்தைத்தான் காட்டும். குரல் சொல்வது வேறாக இருக்கலாம். அதை வைத்து வார்த்தை படித்தால் தவறாகப் பதியும். ஜட்ஜ்மென்ட் கேமில் ஜப்பானியக் குரலுக்கென்று தனி சப்டைட்டில் போட்டிருக்கிறார்கள். படிக்க அதுதான் நல்லது.

ராயபுரம்

ரஷ்யன் பற்றி ரெண்டு வரி. "தா" என்றால் ஆமாம், "ந்யெத்" என்றால் இல்லை. ரெண்டும் பல்லில் நாக்குப் பட்டு வரும். "டா", "நெட்டு" என்று எடுத்துக்கொண்டால் போச்சு. "கிரனாத்தா!" என்று கத்தினால் கிரனேட், ஜெர்மன்காரன் கத்தும் "கிரனாட்டே!"வும் அதேதான், அகராதி தேட வேண்டாம், ஓடுங்கள். "பெரெஸர்யஷாயு" என்று நீட்டி முழக்கினால் துப்பாக்கியில் குண்டு மாற்றுகிறான்; பாய அதுதான் நேரம்.

ஸ்டாக்கர் (2007) கேமின் இங்கிலீஷ் பதிப்பிலும் கொள்ளைக்காரன்கள் சண்டையில் ரஷ்யனில்தான் கத்துவார்கள். "சீக்கி ப்ரீக்கி இ வ் தாம்கே" என்பதை வார்த்தை வார்த்தையாக மொழிபெயர்க்க முடியாது. "வ் தாம்கே" என்பது டிராஃப்ட்ஸ் என்ற பலகை ஆட்டத்தில் காய் கடைசி வரிசைக்குப் போய் ராஜாவாகும் நிலை. நம்ம கேரம் பாஷையில் சொன்னால் ரெட்டும் ஃபாலோவும் போட்டவன் கெத்து.

திருவொற்றியூர்

காதால் பிடிக்க முடியாத நீளமான வசனத்துக்குப் பதிவு செய்வதே வழி. கம்ப்யூட்டரில் விண்டோஸ் கேம் பாரின் பின்னணிப் பதிவை ஆன் செய்துவிட்டால், விண்டோஸ், ஆல்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தியதும் கடைசி 30 நொடி சேவ் ஆகும். பிஎஸ்4-ல் ஷேர் பட்டன், பிறகு சதுரம். சாதாரண செட்டிங்கில் கடைசி 15 நிமிடம் இருக்கும். சில காட்சிகளைப் பதிவு செய்யவிடாமல் கேமே தடுத்திருக்கும், அங்கே வேறு வழியில்லை. ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருள் வைத்திருப்பவர்கள் கேம் சத்தத்தையும் மைக்கையும் தனித்தனி ட்ராக்கில் போடுங்கள், ஃபைலை எம்கேவி-யாக வையுங்கள். நடுவில் கரண்ட் போனால் எம்பி4 பாழாகிவிடும், எம்கேவி அதுவரை பதிந்ததைக் காப்பாற்றும்.

அந்தச் சத்தத்தை, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மென்பொருளில் கொடுங்கள். 2022-ல் வந்தது, இலவசம், நெட் இல்லாமலும் ஓடும். ஸ்மால் மாடலுக்கு ஏறக்குறைய 2 ஜிபி கிராஃபிக்ஸ் மெமரி, மீடியத்துக்கு 5, லார்ஜுக்கு 10 வேண்டும். டர்போ மாடல் வேகமானது, ஆனால் மொழிபெயர்ப்புக்குப் பழக்கப்படுத்தாதது. இந்த வேலைக்கு ஆகாது. மொழிபெயர்ப்பும் இங்கிலீஷுக்கு மட்டும்தான் வரும், அங்கிருந்து தமிழுக்குத் தனியாகக் கொண்டுவர வேண்டும்.

பெரும்பாலும் இரண்டு இடத்தில் சொதப்பும். மொழியை நீங்கள் சொல்லாவிட்டால் முதல் 30 நொடியை வைத்துத் தானே ஊகிக்கும். அந்த 30 நொடியும் துப்பாக்கிச் சத்தம் என்றால் ஊகம் தப்பும். மொழியைக் கையால் குறிப்பிடுங்கள். அதேபோல, பேச்சே இல்லாத இடத்திலும் இசை மட்டும் ஓடும் இடத்திலும் யாரும் சொல்லாத வாக்கியத்தை அதுவே இட்டுக்கட்டி எழுதும். பேச்சு இருக்கும் துண்டை மட்டும் ஆடாசிட்டி என்ற ஆடியோ எடிட்டரில் வெட்டிக் கொடுங்கள்.

வண்ணாரப்பேட்டை

திருவொற்றியூர் அக்கா சொன்ன கருவியில் எல்லாவற்றையும் போடாதீர்கள். சில மொழிகள் உலகத்திலேயே இல்லை. சிம்ஸ் கேம் ஆட்கள் பேசும் சிம்லிஷ் வெறும் ஓசை, குரலின் ஏற்ற இறக்கத்தை மட்டும் பாருங்கள். ஃபைனல் ஃபேன்டஸி 10-ல் (2001) வரும் அல் பெட் இங்கிலீஷ் எழுத்தை இடம் மாற்றிய சங்கேதம். உயிரெழுத்துக்கு உயிரெழுத்தே வருவதால் வாயில் நுழைகிறது: "யூ" என்பதன் ஒய், ஓ, யு மூன்றும் ஓ, யு, ஐ ஆகிவிடும். கேமில் 26 ப்ரைமர் புத்தகம் ஒளிந்திருக்கிறது, ஒவ்வொன்றும் ஒரு எழுத்தைத் திறக்கும். ஃபார் க்ரை ப்ரைமல் (2016) வேறு ரகம். அதற்கு மொழியியல் அறிஞர்கள் ஆதி இந்தோ-ஐரோப்பிய மொழியை வைத்து இலக்கணத்தோடு ஒரு மொழியே கட்டிக் கொடுத்தார்கள், அதைச் சொல் சொல்லாகப் படிக்கலாம்.

ஐகோ (2001) ஆடுபவர்கள் டிஸ்க்கைப் பாருங்கள். கூட வரும் யோர்தா என்ற பெண் பேசுவது சப்டைட்டிலில் புரியாத குறியாகத்தான் வரும். ஐரோப்பிய, ஜப்பானியப் பதிப்புகளில் ஒருமுறை முடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தால் அர்த்தம் தெரியும். முதலில் வந்த அமெரிக்கப் பதிப்பில் அந்த வசதியே இல்லை. பர்மா பஜாரில் வாங்கிய பழைய பிஎஸ்2 டிஸ்க் எது என்று தெரியாமல் இரண்டாவது முறை உட்காராதீர்கள்.

வியாசர்பாடி

நல்ல சேர்க்கை. தாளை ஆரம்பிக்கும்போது முதல் வரியாக "பின்னாடி" என்பதை எழுதுங்கள், சாவு அதிகம் வருவது அங்கிருந்துதான். ஸ்பானிஷ் தெத்ராஸ், ரஷ்யன் ஸ்ஸாதி, ஜெர்மன் ஹின்டர். பிஜிஎம்ஐ மொபைல் கேமில் வடக்கத்திப் பசங்களோடு ஸ்குவாட் சேர்ந்தால் பீச்சே. ஜப்பானியத்தில் உஷிரோ, அதை மட்டும் எழுதவே வேண்டாம், "உஷாரு" என்று காதில் விழுந்ததாக எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.