டபுள்ஸ் ஆட்டத்துக்கு மாற்று மட்டை: தலைப்பாரம் வேண்டுமா, வேண்டாமா?

கேள்வி (அண்ணா நகர், மதுரை):
வணக்கம். எனக்கு வயது 42. நாள்தோறும் காலையில் உள்ளரங்கில் நண்பர்களோடு பேட்மிண்டன் டபுள்ஸ் மட்டுமே ஆடுகிறேன். சென்ற வாரம் நடுவில் வந்த இறகுப்பந்தை நானும் என் இணை ஆட்டக்காரரும் ஒரே நேரத்தில் அடிக்கப் போய், மட்டைகள் மோதி என்னுடையதன் சட்டத்தில் விரிசல் விழுந்துவிட்டது. அது 3யூ எடை வகையும் விறைப்பான ஷாஃப்டும் (கைப்பிடியையும் தலையையும் இணைக்கும் தண்டு) கொண்ட, தலைப்பாரம் மிகுந்த (எடை நுனிப்பக்கம் கூடிய) மட்டை. நரம்பு 28 பவுண்டு இறுக்கம். ஸ்மாஷ் நன்றாக இறங்கும். ஆனால் மூன்றாவது கேமுக்குள் தோள் கனத்துவிடும். உடம்பை நோக்கி வரும் ஸ்மாஷைத் தடுக்க மட்டை தாமதமாகவே வந்து சேரும். அதையே மறுபடியும் வாங்கலாமா, வேறு வகைக்கு மாறலாமா?

பதில் (திருநகர்):
ஐயா, ஒரு கேமில் பின்வரிசையிலிருந்து எத்தனை ஸ்மாஷ் அடிக்கிறீர்கள், நெட்டருகிலும் தடுப்பிலும் எத்தனை பந்துகளைச் சந்திக்கிறீர்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். எடை கைப்பிடியை விட்டு விலகி நுனியில் இருந்தால் மட்டையைத் திருப்ப அதிக விசை வேண்டும். ஸ்மாஷில் கைகொடுக்கும் அதே எடைதான் தடுப்பில் உங்களைத் தாமதப்படுத்துகிறது. யோனெக்ஸ் நிறுவன மட்டைகளில் 3யூ என்றால் 85 கிராமுக்கு மேல், 4யூ என்றால் 80 முதல் 85 கிராமுக்குள். ஐந்து கிராம் அற்பமாகத் தோன்றலாம்; ஒரு மணி நேரம் வீசும் தோளுக்கு அது நன்றாகவே தெரியும். அந்நிறுவனத்தின் அஸ்ட்ராக்ஸ் வரிசை பொதுவாகத் தலைப்பாரமானது, நானோஃபிளேர் தலை லேசானது, ஆர்க்சேபர் இரண்டுக்கும் இடைப்பட்டது. விறைப்பான ஷாஃப்ட், வேகமாக வீசக்கூடியவருக்கே பலன் தரும். மற்றவர்களுக்குச் சற்று வளைந்து மீளும் ஷாஃப்டே பந்துக்கு வேகம் சேர்க்கும். ஆகவே 4யூ எடை, சமநிலை (தலைப்பாரமும் இல்லை, தலை லேசும் இல்லை), நடுத்தர வளைவு என்பதே என் பரிந்துரை. விரிசல் விட்ட மட்டைக்கு மீண்டும் நரம்பு கட்ட வேண்டாம். இழுவிசை தாங்காமல் சட்டம் முறிந்துவிடும்.

பதில் (மேலூர்):
அண்ணா, நான் சற்று மாறுபடுகிறேன். மட்டையைக் குறை சொல்வதற்கு முன் அந்த 28 பவுண்டைக் கவனியுங்கள். இறுக்கம் கூடக் கூட, நரம்பில் நல்ல அடி விழும் பகுதி சுருங்குகிறது. நடுவில் படாத ஒவ்வோர் அடியின் அதிர்வும் முழங்கைக்கும் தோளுக்கும் ஏறுகிறது. வாரம் முழுவதும் ஆடும் நம்மைப் போன்றவர்களுக்கு 23, 24 பவுண்டே போதும். எந்த மட்டை வாங்கினாலும் நம் ஊர் வெயிலில் காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள், நரம்பு சீக்கிரம் தளர்ந்துவிடும். இன்னொன்று: கைப்பிடியின் மேல் ஓர் ஓவர்கிரிப் பட்டை சுற்றினாலே எடைமையம் கைப்பக்கம் சிறிது நகரும், வியர்வைக்கும் நல்லது. ஆனால் பிடி பருத்துவிடும் என்பதால் ஜி4 அளவைவிட மெலிந்த ஜி5 அளவில் வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நண்பர் ஒருவரின் சமநிலையான 4யூ மட்டையை இரவல் வாங்கி, 24 பவுண்டு நரம்போடு இரண்டு காலைகள் ஆடிப் பார்த்தேன். பின்வரிசையிலிருந்து அடித்த ஸ்மாஷில் பழைய கனம் இல்லை, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் உடம்பை நோக்கி வந்த பந்துகளில் பெரும்பாலானவற்றை நெட்டுக்கு அப்பால் திருப்ப முடிந்தது, மூன்றாவது கேமிலும் கை எழுந்தது. அதே வகையில் ஜி5 பிடியுள்ள மட்டையை ஞாயிற்றுக்கிழமை வாங்கவிருக்கிறேன்.