அம்மாவின் கைப்பையில் லேகியம் போகுமா?

வணக்கம். அடுத்த வாரம் அம்மா திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வருகிறார். எனக்குப் பிரசவ நேரம். டிக்கெட்டில் கைப்பை மட்டும்தான், 7 கிலோ. அதற்குள் பாதிச் சமையலறையைக் கொண்டுவரத் திட்டம் போட்டிருக்கிறார்!

போன முறை 200 மி.லி. பாட்டிலில் கால்வாசி தேங்காய் எண்ணெய் வைத்திருந்தார். பாதுகாப்புச் சோதனையில் எடுத்துப் போட்டுவிட்டார்கள். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது கணக்கில்லை, பாட்டிலின் அளவுதான் கணக்கு என்று அப்போதுதான் புரிந்தது. இந்த முறை எண்ணெய், ஷாம்பு, பற்பசை எல்லாவற்றையும் 100 மி.லி.க்கு மேற்படாத டப்பாக்களில் அடைத்து, ஒரு லிட்டர் ஜிப் பையில் போடச் சொல்லிவிட்டேன். நெய்யும் அதே கணக்குதான். கொப்பரை வேண்டவே வேண்டாம் என்றும் சொல்லியாகிவிட்டது. அது எளிதில் தீப்பிடிக்கும் என்றால் அம்மா நம்ப மறுக்கிறார், அது வேறு கதை.

என் சந்தேகம் இதுதான். பிரசவ லேகியமும் புளிக்காய்ச்சலும் கெட்டியாகத்தான் இருக்கும், ஆனால் பசை மாதிரி. சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து அந்த ஜிப் பையிலேயே வைத்தால் விடுவார்களா? அப்புறம், அரை கிலோ பருப்புப் பொடி. பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பார்களா? திருச்சியில் சமீபத்தில் கொண்டுபோனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். மாத்திரைகளுக்கு மருத்துவர் சீட்டு எடுத்து வைத்தாயிற்று.

அம்மா சனிக்கிழமை லேகியம் கிளறப் போகிறார். அதற்குள் பதில் வந்தால் நல்லது.