ஒரே ஸ்டிக்கர் மெஷின், ஆளுக்கொரு கம்ப்யூட்டர்

சர்வீஸ்காரர், ஈரோடு:
ஜவுளிக்கடை, மருந்துக்கடை, வீட்டில் மசாலா பாக்கெட் போடுகிறவர்கள் என்று பல இடங்களுக்கு பார்கோடு ஸ்டிக்கர் அடிக்கிற பிரிண்டர் மாட்டப் போகிறேன். போனதும் கம்ப்யூட்டரைத் தொடமாட்டேன். மெஷினை அணைத்து, ஃபீடு பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால், பல மாடல்கள் ஸ்டிக்கர் இடைவெளியை அளந்துவிட்டு ஒரு சோதனை அச்சைத் தள்ளும். அது ஒழுங்காக வந்தால், அப்புறம் வருகிற தகராறெல்லாம் கம்ப்யூட்டர் பக்கத்துச் சமாசாரம்.

விண்டோஸில் அடிக்கடி பார்ப்பது இது. மேசையைத் துடைக்கிற பையன் கேபிளைக் கழற்றி வேறு யுஎஸ்பி துளையில் செருகிவிடுவான். தன் சீரியல் எண்ணைச் சொல்லாத மெஷின் என்றால், விண்டோஸ் அதைப் புதுசு என்று நினைத்து 'காப்பி 1' என இன்னொன்றைச் சேர்த்துவிடும். பில்லிங் சாப்ட்வேர் பழைய பெயருக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். "மெஷின் போச்சுங்க" என்று போன் வரும்.

மேக்கில் தாள் அளவுதான் வில்லன். ஏ4 என்று இருந்தால் 50×25 மி.மீ. ஸ்டிக்கரில் ஒன்று அச்சாகி, பின்னாலேயே வெற்று ஸ்டிக்கர்கள் சரசரவென்று ஓடும். அந்த அளவைத் தனியாக உருவாக்கி வைத்தால் தீர்ந்தது.

லினக்ஸில் எனக்கு டிரைவரே (மெஷினோடு கம்ப்யூட்டரைப் பேசவைக்கும் சாப்ட்வேர்) வேண்டாம். ஸ்டிக்கர் அளவு, இடைவெளி, பார்கோடு, எத்தனை பிரதி என்று மெஷினுடைய மொழியில் நாலைந்து வரி எழுதி அப்படியே அனுப்பிவிடலாம். டிஎஸ்பிஎல், இசட்பிஎல் என்கிற இந்த மெஷின் மொழிகள் எல்லாம் வெறும் எழுத்துக் கட்டளைகள்தானே!

ஆனால் தமிழ் வந்தால் இந்த வேகம் உதவாது. பெரும்பாலான மெஷின்களுக்குள் தமிழ் எழுத்துரு கிடையாது. 'மல்லித்தூள்' என்று அனுப்பினால் கந்தரகோலமாக வரும். படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். அதிலும் 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளி) மெஷினில் மில்லிமீட்டருக்கு 8 புள்ளிதான். 2 மி.மீ. உயர எழுத்துக்கு 16 புள்ளி கிடைக்கும். அதற்குள் 'ண', 'ழு' சுழிகள் அடைத்துக்கொள்ளும். தமிழில் பெயர் கேட்பவர்களை 300 டிபிஐ வாங்கச் சொல்லிவிடுவேன்.

அரிசி மண்டி, தஞ்சாவூர்:
அண்ணே, எங்களிடம் இன்னும் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து சாப்ட்வேர்தான். எல்பிடி1 என்கிற பழைய பிரிண்டர் போர்ட் தவிர அதற்கு எதுவும் தெரியாது. யுஎஸ்பி பிரிண்டரை அதே கம்ப்யூட்டரில் ஷேர் செய்து, 'நெட் யூஸ்' கட்டளையால் எல்பிடி1-ஐ அங்கே திருப்பிவிட்டோம். 32 பிட் விண்டோஸ் என்பதால் ஓடுகிறது. 64 பிட் என்றால் டாஸ் புரோகிராமே நேரடியாகத் திறக்காதே, என்ன செய்வது?

சர்வீஸ்காரர், ஈரோடு:
டாஸ் புரோகிராமை ஓட்டித்தருகிற டாஸ்பாக்ஸ் மாதிரி ஏதாவது போட வேண்டியிருக்கும் தம்பி. எல்லா டாஸ்பாக்ஸும் அச்சுக்கு வழி தராது, பார்த்துப் போடுங்க. புது மெஷின் வாங்குவதாக இருந்தால் நெட்வொர்க் கேபிள் செருகுகிற லேன் போர்ட் உள்ளதாகப் பாருங்க. நெட்வொர்க் வழியாக 9100 என்ற போர்ட் எண்ணுக்கு விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலிருந்தும் அனுப்பலாம். மெஷினின் நெட்வொர்க் முகவரியான ஐபியை மட்டும் நிலையாக வைத்துவிடுங்க. இல்லையென்றால் கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் வேறு எண் கொடுத்துவிடும்.