கரோலின் நார்ட்டன் போராடியது யாருக்காக?

மருதன்:
பெண்ணுரிமை வரலாற்றில் 19ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் கரோலின் நார்ட்டனுக்கு முன்வரிசை கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் போராடியது தனக்காக மட்டும். நாடகாசிரியர் ஷெரிடனின் பேத்தி, பிரதமர் மெல்பர்னின் தோழி, லண்டன் மேட்டுக்குடியின் செல்லப்பெண். ஆண், பெண் சமத்துவம் என்பதே அபத்தம், அதை நான் கோரவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். தன் பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகுதான் சட்டத்தின் கொடுமை அவர் கண்ணில் பட்டது.

கயல்விழி:
மருதன் ஐயா, ‘பறிகொடுத்த பிறகுதான்’ என்று எவ்வளவு எளிதாகக் கடந்துவிட்டீர்கள்! 1836இல் கணவர் ஜார்ஜ் நார்ட்டன் மூன்று மகன்களையும் அவரிடமிருந்து பிரித்து அனுப்பிவிட்டார். மூத்தவனுக்கு 6 வயது, கடைக்குட்டிக்கு 3கூட நிரம்பவில்லை. அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் பிள்ளைகள் தந்தைக்கே உரியவர்கள். பெற்றவள் பார்க்க வேண்டும் என்றாலும் அவர் மனம் வைக்க வேண்டும்.

அதோடு விட்டாரா? மனைவியோடு தகாத உறவு என்று மெல்பர்ன் மீதே 10,000 பவுண்டு கேட்டு வழக்குத் தொடுத்தார். ஜார்ஜுக்கு மாஜிஸ்திரேட் வேலை வாங்கித் தந்தவரே அந்த மெல்பர்ன்தான், அதுவும் கரோலின் கேட்டதற்காக. ஜூரிகள் எழுந்துகூடப் போகாமல் வழக்கைத் தள்ளினார்கள். ஆனால் அந்த வழக்கில் கரோலின் ஒரு தரப்பே அல்ல. தன் மானத்துக்காக அவர் வாய் திறக்கச் சட்டம் இடம் தரவில்லை. வழக்கில் தோற்ற பிறகும் பிள்ளைகள் ஜார்ஜிடம்தான் இருந்தார்கள்.

இளங்கோ:
‘செல்லப்பெண்’ என்பது தவறு. தந்தை 1817இல் இறந்துவிட்டார். சீதனம் கொடுக்க வழியில்லாத குடும்பம். 19 வயதில் நடந்த திருமணம் அது. பிறகு வீட்டுச் செலவில் பெரும் பங்கு அவர் எழுதிச் சம்பாதித்த பணம். அந்த வருமானமும் சட்டப்படி கணவருடையது.

மருதன்:
துயரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் மீது தாய்க்கு உரிமை கேட்டு அவர் போராடியதால் வந்த 1839 சட்டம் யாருக்கு உதவியது என்று பாருங்கள். 7 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கேட்டுத் தாய், இத்தகைய வழக்குகளை விசாரித்த சான்சரி என்ற உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆலையில் கூலி வேலை செய்த பெண்ணுக்கு அந்தப் படியேறப் பணம் ஏது? நடத்தை தவறியதாகத் தீர்ப்பான தாய்க்கு அதுவும் கிடையாது. 1873 வரை இதே நிலைதான்.

கயல்விழி:
அந்தச் சட்டம் வருவதற்கு முந்தைய ஆண்டு, 1838இல், நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபை அந்த மசோதாவையே தள்ளிவிட்டது. அந்தச் சபையிடமிருந்து சமத்துவம் பேசி எதை வாங்கியிருக்க முடியும்? தாய்க்கு ஒரு சின்ன உரிமையாவது கிடைக்க, அவர்கள் காதில் ஏறும் சொற்களில் எழுதினார் என்றே நினைக்கிறேன்.

தனக்காக என்றீர்களே, அந்தச் சட்டத்தால் அவருக்கு என்ன கிடைத்தது? பிள்ளைகளை ஜார்ஜ் ஸ்காட்லாந்துக்கு அனுப்பியிருந்தார். இங்கிலாந்து நீதிமன்றத்தின் கை அங்கே எட்டவில்லை. 1842இல் கடைக்குட்டி வில்லியம் குதிரையிலிருந்து விழுந்தான். காயம் முற்றிய பிறகே தாய்க்குச் செய்தி போனது. அவர் வந்து சேர்ந்தபோது பிள்ளை இல்லை.

மருதன்:
ஸ்காட்லாந்து விஷயத்தை நான் எண்ணிப் பார்க்கவில்லை, அம்மா. ‘தனக்காக மட்டும்’ என்பதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் சமத்துவத்தை அபத்தம் என்று எழுதியது வெறும் தந்திரம் என்பதை நம்ப மாட்டேன். அவர் வளர்ந்த வட்டத்தின் நம்பிக்கை அது. அவருடைய நம்பிக்கையும் அதுவே.